கெல்ப் நாற்றுப் பருவத்தை வண்டல் எப்படித் தாக்குகிறது? சோதித்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் குறுக்கே நூறாண்டை ஒட்டிய வயதுடைய இரண்டு அணைகள் நின்றன. 2011 செப்டம்பரில் அவற்றை இடிக்கத் தொடங்கி, 2014இல் முடித்தார்கள். அணைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 2 கோடி கன மீட்டர் சேறும் மணலும் சரளையும் தேங்கிக் கிடந்தன. அதில் பெரும் பங்கு அடித்துவரப்பட்டு ஹுவான் டி ஃபுகா நீரிணையில் கொட்டியது. முகத்துவாரத்தை ஒட்டியிருந்த கெல்ப் (குளிர்நீரில் வளரும் பெரிய பழுப்புப் பாசி) காடுகள் அடுத்த இரண்டு கோடைகளில் ஏறத்தாழ இல்லாமலே போயின.

சேறு வந்து மூடிவிட்டது, பாசி செத்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால், மூழ்கிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு வேறொன்று தெரிந்தது. பாறை மூடப்படாமல் இருந்த இடங்களிலும் கெல்ப் காணாமல் போயிருந்தது. தண்ணீர் கலங்கியதால் அடித்தளத்திற்கு ஒளி எட்டவில்லை, முக்கியக் காரணம் அதுதான். இடிப்பு முடிந்து நீர் தெளிந்ததும் பாறை மிஞ்சிய இடங்களில் கெல்ப் திரும்பியது. மணல் நிரந்தரமாக மூடிய இடங்களில் திரும்பவில்லை.

ஒரே ஆறு, ஒரே வண்டல். ஆனால் நடந்தவை இரண்டு வெவ்வேறு சேதங்கள். ஆகவே 'எவ்வளவு வண்டல் வந்தது?' என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டாம். 'வண்டல் வந்தபோது கெல்ப் எந்தப் பருவத்தில் இருந்தது, வண்டல் நீரில் இருந்ததா பாறையில் இருந்ததா?' என்று கேளுங்கள். கடல் உயிரியல் மாணவர்களும், கெல்ப் மீட்புப் பணியில் இறங்குபவர்களும் இந்தக் கேள்விக்குத் தாங்களே விடை தேடும் வழியைக் கீழே தருகிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று. நம் கடலில் கெல்ப் கிடையாது. அது குளிர்நீர்ப் பழுப்புப் பாசி. மன்னார் வளைகுடாவில் மண்டிக் கிடக்கும் சர்காசமும் பழுப்புப் பாசிதான் என்றாலும், கீழே சொல்லப்போகும் கண்ணுக்குத் தெரியாத கேமீட்டோபைட் பருவம் அதற்குத் தனியாக இல்லை. இந்த வழிமுறையை அப்படியே எடுத்துப்போய் மண்டபம் கடற்கரையில் பொருத்தினால் சரிவராது.

படி 1: யாரைச் சோதிக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

முப்பது மீட்டர் உயரத்துக்கு ஆடி நிற்கும் கெல்ப், வாழ்க்கையின் இரண்டு பருவங்களில் ஒன்று மட்டுமே. அது ஸ்போரோபைட். அதன் இலைத் தகடுகளில் சோரஸ் எனப்படும் கரும்பழுப்புத் திட்டுகள் உருவாகும். அவற்றிலிருந்து இரண்டு கசையிழைகள் (நீந்த உதவும் வால்போன்ற இழைகள்) கொண்ட இயங்குஸ்போர்கள் வெளியேறும். ஒவ்வொன்றும் சுமார் 6 மைக்ரோமீட்டர். சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை நீந்தி, பாறையில் ஒட்டி, கசையிழைகளை இழந்து முளைக்கும். முளைத்து வருவது ஆண் அல்லது பெண் கேமீட்டோபைட்: சில செல்களே கொண்ட இழை. பெண் இழை முட்டையை வெளித்தள்ளியதும் லாமோக்சிரின் என்ற வேதிப்பொருள் கசியும். அதை உணர்ந்த ஆண் இழை விந்தணுக்களை விடுவிக்கும். கருவுற்ற முட்டைதான் அடுத்த காட்டின் முதல் செடி.

இந்த வேதி அழைப்பு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே எட்டும். அதனால் ஆணும் பெண்ணும் நெருக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் டான் ரீட் செய்த ஆய்வுகளின்படி, சதுர மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்போருக்கும் குறைவாக ஒட்டிய இடங்களில் புதுச் செடிகள் முளைப்பது அரிது. இந்த 'ஒன்று' என்ற எண்ணை நினைவில் வையுங்கள். முடிவுகளைப் படிக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

படி 2: வண்டலின் வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

வண்டல் பல வழிகளில் கெடுக்கும். நீரில் மிதக்கும்போது ஒளியை மறைக்கும். மிதக்கும் துகளில் ஸ்போர் ஒட்டிக்கொண்டால் அதோடு சேர்ந்து மூழ்கிக் கண்ட இடத்தில் போய்ச் சேரும். பாறையில் ஏற்கெனவே படிந்திருந்தால் ஸ்போருக்குப் பிடிப்பு கிடைக்காது. துகளின் மேல் ஒட்டினால், அடுத்த அலை துகளையும் ஸ்போரையும் சேர்த்தே எடுத்துப்போகும். ஒட்டிய பின் மேலே படிந்தால் ஒளி, ஆக்சிஜன் இரண்டையும் தடுக்கும். கரிமப் பொருள் மிகுந்த சேறானால் அழுகி ஹைட்ரஜன் சல்பைடையும் கக்கும். அலையோடு நகரும் மணல் அரம்போல அராவி எடுத்துவிடும்.

துகளின் அளவைப் பார்த்தே எந்த வேலை முந்தும் என்று ஓரளவு ஊகிக்கலாம். 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் 10 மீட்டர் ஆழத்தை அரை மணி நேரத்திற்குள் கடந்து அடியில் விழும். 4 மைக்ரோமீட்டர் களித் துகள் தனியாக, அசையாத நீரில் விழுந்தால் பத்து நாளுக்கு மேல் ஆகும். (உப்பு நீரில் களி திரண்டு கட்டியாவதால் நிஜத்தில் வேகம் கூடும்.) எனவே மணல் பெரும்பாலும் மூடும், அராவும். களியும் மென்சேறும் பெரும்பாலும் இருட்டாக்கும்.

ஒரே ஆய்வில் இவை எல்லாவற்றையும் கலந்து 'வண்டல் சேர்த்தோம், பிழைப்பு குறைந்தது' என்று எழுதுவது எனக்கு ஒப்பாது. எதனால் குறைந்தது என்று தெரியாமல் ஒரு மீட்புத் திட்டத்தை வகுக்கவே முடியாது.

படி 3: நாட்காட்டி வரையுங்கள்

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களை எழுதி, மேல் வரிசையில் கெல்ப்பின் பருவங்களையும் கீழ் வரிசையில் வண்டல் வரும் காலங்களையும் குறியுங்கள். சோதனைக்கூடத்தில் கால்வைக்கும் முன் இதைச் செய்வது கட்டாயம்.

ஹுவான் டி ஃபுகா நீரிணையின் காளைக் கெல்ப்பை, அதாவது நெரியோசிஸ்டிஸை, எடுத்துக்கொள்வோம். அது ஓராண்டுச் செடி. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அதன் சோரஸ் திட்டுகள் இலையிலிருந்து கழன்று கடலடிக்கு விழுந்து ஸ்போர்களைக் கொட்டும். குளிர்காலத்தில் தாய்ச் செடிகள் புயலில் பிய்ந்து கரை ஒதுங்கும். அடுத்த வசந்தத்தில் புதுச் செடிகள் தென்படும். இடைப்பட்ட மாதங்களில் அந்தக் காடு முழுவதும் பாறையில் ஒட்டிய நுண்ணிழைகளாகவே உயிர் வைத்திருக்கிறது. அப்பகுதி ஆறுகளில் மழை வெள்ளம் பெருகும் காலமும் அதே குளிர்காலம்தான். மேலிருந்து பார்ப்பவருக்கு 'இப்போது இங்கே கெல்ப் எதுவும் இல்லையே, தூர்வாரினால் என்ன?' என்று தோன்றும். தூர்வாரும் அனுமதிகளில் பருவக் கட்டுப்பாடு எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

கலிஃபோர்னியாவின் ராட்சதக் கெல்ப், மாக்ரோசிஸ்டிஸ், பல்லாண்டு வாழ்வது. அடிப்பகுதி இலைகளில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஸ்போர் விடும். அதற்கு ஒரு பருவம் தவறினாலும் மறு வாய்ப்பு உண்டு.

படி 4: ஸ்போர் சேகரிப்பு

அனுமதி வாங்கிய பின், பல செடிகளிலிருந்து முதிர்ந்த சோரஸ் திட்டுகளை வெட்டி எடுங்கள். ஒரே செடியை நம்பினால் அதன் குணமே முடிவாகிவிடும். திட்டுகளை மென்மையாகத் துடைத்து, நீர்த்த அயோடின் கரைசலில் ஒருமுறை முக்கி, வடிகட்டிய கடல்நீரில் அலசுங்கள். ஈரக் காகிதத் துணியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் இருட்டில் ஓரிரவு வையுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த கடல்நீரில் போட்டு விளக்கடியில் வைத்தால், ஒரு மணி நேரத்திற்குள் நீர் வெளிர் பழுப்பாகக் கலங்கத் தொடங்கும். திட்டுகளை உடனே எடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் வழவழப்பான சளி கசிந்து எல்லாவற்றையும் ஒட்டவைக்கும்.

ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். ஸ்போர்கள் துள்ளி நீந்த வேண்டும். சும்மா மிதப்பவை மிகுந்திருந்தால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுவதே நல்லது.

எண்ணுவதற்கு ஒரு துளி அயோடின் சேர்த்து நீச்சலை நிறுத்தி, ஹீமோசைட்டோமீட்டரில் (செல்களை எண்ணக் கட்டம் வரைந்த கண்ணாடித் தட்டில்) பாருங்கள். ஒரு பெரிய சதுரத்தில் சராசரி 40 என்றால் மில்லிலிட்டருக்கு 4,00,000. அதை 200 மடங்கு நீர்த்தால் 2,000. தட்டில் நீர் ஒரு சென்டிமீட்டர் ஆழம் இருந்து, எல்லா ஸ்போர்களும் ஒட்டினால், சதுர மில்லிமீட்டருக்கு 20 வரும்.

படி 5: வண்டல் தயாரிப்பு

கடையில் வாங்கும் களிமண்ணில் தொடங்காதீர்கள். சோதிக்கும் இடத்து வண்டலையே எடுங்கள். 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்து, மணலையும் மென்சேற்றையும் பிரியுங்கள். கடல்நீரில் பலமுறை அலசி, உலர்த்தி எடை போடுங்கள். கிருமி நீக்க வெப்பமூட்டியே ஆக வேண்டும். ஆனால் உலையில் எரித்தால் கரிமப் பொருள் போய்விடும், அழுகலின் பாதிப்பும் கூடவே போய்விடும். எரித்தது ஒன்று, எரிக்காதது ஒன்று என இரண்டையும் வைத்துச் சோதித்தால், மூடலால் வந்த சாவு எது, அழுகலால் வந்தது எது என்று தெரியும்.

அளவை சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றே குறியுங்கள். 9 சென்டிமீட்டர் பெட்ரித் தட்டின் பரப்பு சுமார் 64 சதுர சென்டிமீட்டர். 1, 3, 10, 30, 100 என்ற வரிசைக்கு முறையே 64 மில்லிகிராமில் தொடங்கி 6.4 கிராம் வரை தேவைப்படும். வண்டல் இல்லாத தட்டும் வேண்டும்.

இந்த எண்களைக் கண்ணால் பார்க்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது, தளர்வாகப் படிந்தால், ஏறக்குறைய ஒரு எழுதுதாளின் கனம். தட்டைச் சாய்த்துப் பார்த்தால் மங்கலான பூச்சுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் 6 மைக்ரோமீட்டர் ஸ்போருக்கு அது தன் உயரத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல்.

படி 6: தட்டுகளை அமைத்தல்

இங்கேதான் ஆய்வு ஜெயிக்கும் அல்லது தோற்கும். வண்டல் அளவை மட்டும் மாற்றினால் பாதிக் கதைதான் கிடைக்கும். வண்டல் வரும் நேரத்தையும் மாற்றுங்கள்:

- ஸ்போர் விடும் முன்பே வண்டல் படிந்த தட்டு
- வண்டலும் ஸ்போரும் ஒன்றாகக் கலந்து ஊற்றிய தட்டு
- ஸ்போர் ஒட்டி ஒரு நாள் கழித்து வண்டல் தூவியது
- கேமீட்டோபைட் வளர்ந்து இரண்டு வாரம் கழித்துத் தூவியது
- இளம் ஸ்போரோபைட் தென்பட்ட பின் தூவியது

1978இல் டெவினி, வோல்ஸ் இருவரும் ராட்சதக் கெல்ப்பை வைத்து வெளியிட்ட ஆய்வு இந்த வரிசையின் முக்கியத்துவத்தைத் தெளிவாகக் காட்டியது. வண்டல் முந்திக்கொண்டால் மிகக் குறைந்த அளவே ஸ்போர்களை ஒழிக்கப் போதுமானது. ஸ்போர் ஒட்டிய ஒரு நாள் கழித்து வண்டல் வந்தால், அதே நாசத்திற்குப் பல மடங்கு வண்டல் வேண்டும். நீரையும் அசைத்துவிட்டால் சேதம் கூடும். ஒரே ஒரு நாள் முந்திய ஒட்டுதல் இத்தனை வித்தியாசம் செய்கிறது.

இவற்றோடு இரண்டு துணைத் தொகுதிகள் வேண்டும். ஒன்று, வண்டலே இல்லாமல் சாம்பல் நிற வடிகட்டித் தாளால் ஒளியை மட்டும் குறைத்தது. இரண்டு, குலுக்கும் மேடையில் வைத்தது: அதில் பாதி வண்டலோடு, பாதி வண்டல் இல்லாமல். முதல் தொகுதி இருட்டின் பங்கைச் சொல்லும். இரண்டாவது அராவலின் பங்கைச் சொல்லும். ஒளியின் அளவு மட்டுமல்ல, நிறமும் முக்கியம். கேமீட்டோபைட் முட்டையும் விந்தும் உண்டாக்க நீல ஒளி வேண்டும். கலங்கல் நீர் பெரும்பாலும் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். நீலத்தைக் குறைக்கும் வண்ணத் தாளையும் சேர்த்தால் படம் முழுமையாகும்.

ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஐந்து தட்டுகள். ஒரே தட்டில் ஐந்து இடத்தில் எண்ணுவது ஐந்து தட்டுகளுக்கு ஈடாகாது. நெரியோசிஸ்டிஸுக்கு 10 முதல் 12 டிகிரி செல்சியஸ், மாக்ரோசிஸ்டிஸுக்கு 12 முதல் 15. ஊட்டக் கரைசலை வாரம் ஒருமுறை மாற்றும்போது வண்டல் கலையாமல் ஓரத்தில் பிப்பெட்டால் உறிஞ்சுங்கள்.

படி 7: எண்ணுதல்

ஒட்டி ஓரிரு நாளில், 400 மடங்கு உருப்பெருக்கத்தில், முளைத்த ஸ்போரை ஒரே பார்வையில் அடையாளம் காணலாம். ஒரு முனையில் கண்ணாடிபோலக் காலியான பழைய உறை, நடுவில் குறுகிய குழாய், மறு முனையில் பழுப்புப் பொருள் எல்லாம் இடம்பெயர்ந்து திரண்ட புதுச் செல். டம்பெல் தூக்கும் உடற்பயிற்சிக்காரர்கள் பார்த்தால் தங்கள் கருவியின் படம் என்பார்கள். வட்டமாகவே நின்றுவிட்டது முளைக்கவில்லை. நிறம் வெளுத்தது செத்தது.

தொல்லை என்னவென்றால், மூடிய வண்டலின் கீழே எதுவும் தெரியாது. வண்டலை அலசினால் தளர்வாக ஒட்டியவையும் போய்விடும். தலைகீழ் நுண்ணோக்கியில் நீல ஒளியைப் பாய்ச்சினால் பச்சையம் சிவப்பாக ஒளிரும். தட்டின் அடியிலிருந்தே எண்ணிவிடலாம். அந்த வசதி இல்லாவிட்டால் அலசுங்கள். ஆனால் வண்டல் இல்லாத தட்டுகளையும் அதே விசையில், அதே நேரம் அலசுங்கள்.

மூன்று கட்டங்களில் எண்ணுங்கள்: முளைத்தவை, பிழைத்த கேமீட்டோபைட்கள், உருவான ஸ்போரோபைட்கள். முதல் எண்ணோடு நிறுத்திவிடும் ஆய்வுகள் ஏராளம். முளைத்து, இருட்டில் மாதக்கணக்கில் செல் பெருக்காமல் சும்மா உயிரோடு கிடக்கும் கேமீட்டோபைட்கள் உண்டு. அவை செத்தவை அல்ல, காத்திருப்பவை. அதனால் சில தட்டுகளில் ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம் கழித்து வண்டலை நீக்கிப் பாருங்கள். மீண்டும் வளர்கின்றனவா? எல்வா முகத்துவாரத்தின் மீட்சியைப் போன்ற ஒன்றைப் புரிந்துகொள்ள இந்தத் தட்டுகள்தான் உதவும்.

இப்போது அந்த 'ஒன்று' என்ற எண்ணுக்கு வருவோம். சதுர மில்லிமீட்டருக்கு 20 ஸ்போரில் தொடங்கிய தட்டில் வண்டல் 90 சதவீதத்தைக் கொன்றாலும் 2 மிஞ்சும். ஆணும் பெண்ணும் இன்னும் அருகருகே இருக்கும், ஸ்போரோபைட் முளைக்கும். 'வண்டலைத் தாங்குகிறது' என்று எழுதத் தோன்றும். கடலில், தாய்ச் செடியிலிருந்து விலகிய பாறையில், தொடக்கமே 3தான் என்றால்? அதே 90 சதவீத இழப்பு 0.3இல் கொண்டுபோய் நிறுத்தும். இழை பிழைத்திருக்கும், துணை கிடைக்காது. எனவே அடர்த்தியையும் மாற்றி, 20இல் ஒரு தொகுதி, 3இல் ஒரு தொகுதி நடத்துங்கள். உழைப்பு இரட்டிப்பாகும்தான். ஆனால் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாத முடிவுகளைக் கடலுக்குப் பொருத்த நான் தயங்குவேன்.

படி 8: கடலில் அளத்தல்

முதல் கருவி ஒளிமானி. மேற்பரப்பில் ஒன்று, அடியில் ஒன்று. கண்ணாடியில் பாசி படியும், அடிக்கடி துடைக்க வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே பகுதியில் டெய்ஷரும் டீனும் 1980களில் செய்த களச் சோதனைகளில், ராட்சதக் கெல்ப்பின் நாற்று உருவாக நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 0.4 மோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளியாவது வேண்டும் என்று தெரிந்தது. இதை வைத்து ஒரு கணக்கு. கோடையில் மேற்பரப்பில் 40 மோல், ஆழம் 12 மீட்டர். ஒளிமங்கல் குணகம் (ஆழம் கூடக் கூட ஒளி மங்கும் வேகம்) மீட்டருக்கு 0.2 என்றால் அடியில் 3.6 மோல் கிடைக்கும், தாராளம். வண்டலால் குணகம் 0.4 ஆனால் 0.33தான். கலங்கல் இரட்டித்தது, ஒளியோ பதினொன்றில் ஒரு பங்கானது. நாற்று உருவாகும் எல்லைக்கு மறுபக்கம் போய்விட்டோம், அடியில் ஒரு துகள்கூடப் படியாமலே.

சான் ஓனோஃப்ரேயில் இது வெறும் கணக்கல்ல. அங்கிருந்த அணுமின் நிலையம் குளிரூட்டப் பயன்படுத்திய நீரைக் கடலில் விட்டபோது கலங்கல் எழுந்து கெல்ப் படுகையைக் குறைத்தது என்று 1989இல் ஆய்வுக் குழு முடிவு சொன்னது. ஈடாக, சான் கிளமென்டேக்கு அப்பால் செயற்கைப் பாறைத்திட்டு அமைக்கும்படி கலிஃபோர்னியக் கடலோர ஆணையம் பணித்தது. அதன் பெயர் வீலர் நார்த் பாறைத்திட்டு.

அடுத்தது, அடியில் படியும் வண்டல். உயரமான குழாய்ப் பொறிகளை நம்பி ஏமாற வேண்டாம். அவை மேலிருந்து விழுவதை எல்லாம் பிடித்துவைக்கும். பாறையிலோ விழுந்ததை அலை மறுபடி கழுவிவிடும். பாறையில் நிற்கும் வண்டலை ஒரு வளையம் வைத்து, ஊசிக்குழலால் உறிஞ்சி, உலர்த்தி, சோதனைக்கூடத்தில் பயன்படுத்திய அதே அலகில் எடை போடுங்கள். அப்போதுதான் தட்டும் கடலும் ஒரே மொழி பேசும். பாறையில் குறும்பாசிப் படலம் இருந்தால் தனியாகக் குறியுங்கள். அது வண்டலை வலைபோலப் பிடித்துவைத்துக்கொண்டு கெல்ப்பைத் திரும்ப விடாது. நார்வேயின் ஸ்காகெராக் கரையில் சர்க்கரைக் கெல்ப்பின் இடத்தைக் குறும்பாசி பிடித்தபோது கண்டதும் இதுவே.

கடைசியாக, கேமீட்டோபைட் வளர்த்த கண்ணாடிச் சில்லுகளை அடித்தளத்திலும், 30 சென்டிமீட்டர் உயரத்திலும், ஒரு மீட்டர் உயரத்திலும் கட்டிவையுங்கள். மூன்றும் ஒன்றாகத் தோற்றால் இருட்டைச் சந்தேகியுங்கள். அடியில் உள்ளது மட்டும் தோற்றால் மூடலும் அராவலும்.

படி 9: முடிவை வைத்து என்ன செய்வது?

மூடல்தான் காரணம் என்றால் உயரமான, செங்குத்தான பாறை முகங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் வண்டல் தங்காது. இருட்டு காரணம் என்றால் ஆழம் குறைந்த இடத்துக்கு நகருங்கள். அல்லது கரையில் மண் அரிப்பை நிறுத்தும் வேலையில் பணத்தைப் போடுங்கள். நீர் தெளியாத இடத்தில் நாற்று விடுவது வீண் செலவு. ஸ்போர் ஒட்டும் கட்டம் மட்டும் தோற்கிறது, வளர்ந்த நாற்று தாங்குகிறது என்றால், அந்தக் கட்டத்தைக் கடலுக்கு வெளியே முடித்துவிடலாம். நார்வேயில் 2020இல் வெளியான 'பச்சைச் சரளை' முறை இதைத்தான் செய்கிறது. சிறு கற்களில் ஸ்போரை ஒட்டவைத்து, தொட்டியில் நாற்று இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்த பின் படகிலிருந்து கடலில் கொட்டுகிறார்கள். நகரும் மணல் உள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கல்லோடு சேர்ந்தே புதைந்துபோகும்.